லா நினா குளிர்காலம்: டென்வரில் எப்படி இருக்கும்?

புதுவரவு: கொலராடோவில் இது எனக்கு முதல் குளிர்காலம். லா நினா (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்து வானிலையை மாற்றும் நிகழ்வு) வருடம் என்கிறார்கள். டிசம்பரில் பனிச்சறுக்கு ஊரான ஸ்டீம்போட் போக ஆசை. அப்பா அம்மா மார்ச்சில் வருகிறார்கள், அதற்குள் பனி ஓய்ந்துவிடும்தானே?

பழையவாசி: மார்ச்சா! சராசரியில் டென்வருக்கு அதிகப் பனி கொட்டும் மாதமே அதுதான். 2021 மார்ச்சில் ஒரே பனிப்புயலில் 27 அங்குலம். என் காரைத் தோண்டி எடுக்க அரைநாள் ஆனது, முதுகுவலி தனிக்கணக்கு. லா நினாவில் வளிமண்டல மேலடுக்குக் காற்றோட்டம் வடக்கே நகர்வதால் ஸ்டீம்போட் பக்கம் பனி கூட வாய்ப்பு, தெற்கே சான் வான் மலைகள் காயலாம். எல்லாம் வாய்ப்புதான், சத்தியம் இல்லை. டென்வர் இருக்கும் சமவெளியில் பனியைவிடக் காற்றுதான் படுத்தும். மலையிறங்கி வரும் சினூக் என்ற காற்று இறங்க இறங்கச் சூடாகும். காலையில் உறைந்த தெரு மதியம் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்.

மலைப்பிரியை: டயரைப் பாருங்கள் தம்பி. மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் மோரிசனிலிருந்து டாட்செரோ வரை, செப்டம்பர் முதல் மே வரை, பனிக்கேற்ற டயர் வேண்டும் என்ற விதி உண்டு. அதே சாலையில் வரும் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை 11,000 அடி உயரத்துக்கு மேல், அங்கே வழுக்கினால் அவ்வளவுதான்.

புதுவரவு: நன்றி அக்கா. சரி, அம்மாவிடம் மே மாதம் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் மாற்றும் கட்டணத்துக்கு அப்பா திட்டிக்கொண்டிருக்கிறார்.

பழையவாசி: மேயிலும் பனி விழுந்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லாதீர்கள்.