ரிஃபைன்மென்ட்: சுத்திகரிப்பு மட்டும் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

'ரிஃபைன்மென்ட்' (refinement) என்ற ஆங்கிலச் சொல் எந்தத் துறையில் வந்தாலும் தமிழில் 'சுத்திகரிப்பு' என்றே வைத்துவிடலாம், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்றிருந்தால் மாணவர்களுக்குக் குழப்பம் இராது என்று எழுதியிருந்தீர்கள் ஐயா. சொல்லாட்சி ஒரே சீராக இருக்க வேண்டும் என்ற அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் இந்தச் சொல்லில் அதைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

உலோகவியலிலிருந்து ஒன்றைப் பார்ப்போம். உருக்கிய அலுமினியத்தை வார்ப்பதற்கு முன் டைட்டானியமும் போரானும் கொண்ட கலவையைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அதிலுள்ள நுண்துகள்கள் உறைதலுக்குக் கருவாக அமைகின்றன. பல இடங்களில் படிகங்கள் ஒருசேர முளைப்பதால் எதற்கும் பெரிதாக வளர இடம் கிடைப்பதில்லை. உலோகம் பொடிப்பொடி மணிகளாக ('கிரெயின்') உறைகிறது; வார்ப்பில் வெடிப்பு குறைகிறது, வலிமை கூடுகிறது. இதற்குப் பெயர் 'கிரெயின் ரிஃபைன்மென்ட்'. இங்கே அழுக்கு எதையும் நீக்கவில்லை. வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். இதையும் சுத்திகரிப்பு என்று படிக்கும் மாணவர், நடந்ததற்கு நேர் எதிரானதையே மனத்தில் வாங்கிக்கொள்வார்.

சுத்திகரிப்புக்கு உரிய இடங்கள் இருக்கின்றன. அங்கே அதை அசைக்க வேண்டாம். சர்க்கரை, செம்பு, கச்சா எண்ணெய் எல்லாவற்றுக்கும் அது நிலைபெற்றுவிட்டது. (கச்சா எண்ணெயில் நடப்பது பெரும்பாலும் கொதிநிலை வாரியாகப் பிரித்தெடுப்பதுதான். ஆனாலும் வழக்கில் ஊன்றிய சொல்லைப் பிடுங்கக் கூடாது.) வில்லியம் ஃபான் 1950களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய 'ஜோன் ரிஃபைனிங்' முறையும் இதே வகைதான். ஜெர்மானியத் தண்டின் ஒரு சிறு பகுதியை மட்டும் உருக்கி, அந்த உருகிய பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துவார்கள். மாசுகளில் பெரும்பாலானவை திடத்தை விட உருகலிலேயே தங்க விரும்புவதால் பட்டையோடு சேர்ந்து கடைசி முனைக்குப் போய்விடும். இதைப் 'பட்டைச் சுத்திகரிப்பு' என்றால் தடையில்லை.

'ரிஃபைன்மென்ட்' என்பதற்குப் 'புடமிடல்' என்று வந்த முன்மொழிவு கேட்க அழகாக இருக்கிறது. புடம் போட்ட தங்கம் நம் நாவில் புழங்கும் தொடர்தான். ஆனால் சித்த மருத்துவத்தில் புடத்துக்குத் திட்டமான பொருள் உண்டு. மருந்துச் சரக்கின் நஞ்சையும் மாசையும் போக்குவது 'சுத்தி'. அதன் பிறகு அகலில் வைத்து, மூடிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கி எரித்துப் பற்பமோ செந்தூரமோ ஆக்குவது 'புடம்'. இரண்டும் வெவ்வேறு படிகள். ஒரு துறையில் ஏற்கெனவே துல்லியமாக இருக்கும் சொல்லை இன்னொரு பொருளுக்கு இழுத்து வந்து மங்கச் செய்யக் கூடாது. உவமையாகப் புழங்கட்டும், கலைச்சொல்லாக வேண்டாம். 'மெருகேற்றல்' மேற்பரப்பைத் தாண்டாது. 'செப்பனிடல்' என்றதும் குண்டும் குழியுமான சாலைதான் நினைவுக்கு வருகிறது. 'மேம்பாடு' வேறு பல சொற்களுக்கு வாக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது படிகவியல். 1969இல் ஹூகோ ரீட்வெல்ட் வெளியிட்ட, 'ரீட்வெல்ட் ரிஃபைன்மென்ட்' எனப்படும் முறையில், பொடி மாதிரியில் கதிர்கள் பட்டுச் சிதறியதால் கிடைத்த விளிம்பு விளைவுக் கோலம் ஒருபுறம், நாம் ஊகித்த படிக அமைப்பிலிருந்து கணக்கிட்ட கோலம் மறுபுறம். அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின்) நீளம், அணுக்களின் இருப்பிடம், முகடுகளின் வடிவம் என ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக மாற்றி, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மீச்சிறு வர்க்க முறையில் குறைத்துக்கொண்டே போவார்கள். இங்கே தூய்மைக்கும் வேலையில்லை, பொடியாக்கலுக்கும் வேலையில்லை. உண்மையோடு பொருந்தி வரச் செய்வதுதான் நோக்கம். அதற்குச் 'செம்மையாக்கல்' என்பதே சரி. பதிப்புத் துறையில் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடத்தை நிறுவுவதைச் 'செம்பதிப்பு' என்கிறோம் அல்லவா, அதே செயல்தான் இதுவும். 'திருத்தம்' என்றால் முன்னது பிழை என்ற தொனி வந்துவிடும். செம்மையில் அது இல்லை.

நான் உண்மையிலேயே வாதாட வந்தது சிறிதாக்கல் என்ற மூன்றாவது பொருளுக்காக. கணிதத்தில் ஓர் இடைவெளியைப் பகுக்கிறோம்: 0 முதல் 1 வரையுள்ளதை 1/2இல் வெட்டுகிறோம். பிறகு 1/4, 3/4 ஆகியவற்றிலும் வெட்டினால் இரண்டாவது பகுப்பு முதலாவதின் 'ரிஃபைன்மென்ட்'. முதலிலேயே 1/3, 2/3 என்று வெட்டியிருந்தால் துண்டுகள் சிறியவைதான். ஆனாலும் அது 1/2இல் வெட்டியதன் 'ரிஃபைன்மென்ட்' ஆகாது, ஏனென்றால் பழைய வெட்டு அதில் இல்லை. ஆகவே 'நுண்பகுப்பு' என்ற பெயர்ச்சொல் போதாது. அது சிறிதாயிருக்கிறது என்று மட்டும் சொல்லும், எதைச் சிறிதாக்கியது என்று சொல்லாது.

என் முன்மொழிவு 'நுணுக்கு' என்ற வினை. உருகு/உருக்கு, அடங்கு/அடக்கு போல நுணுகு/நுணுக்கு. 'நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறான்' என்று இன்றும் பேசுகிறோம். புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. செயப்படுபொருள் குன்றாத வினை என்பதால் 'எதை?' என்ற கேள்வியை அதுவே எழுப்பும்: 'இந்தப் பகுப்பை நுணுக்கினால் மேல்கூட்டல் ஏறாது, கீழ்க்கூட்டல் இறங்காது.' (வளைகோட்டின் கீழுள்ள பரப்பை மேலிருந்தும் கீழிருந்தும் மதிப்பிடும் கூட்டல்கள் இவை.) பெயராக 'நுணுக்கல்' என்போம். 'நுணுக்கம்' வேண்டாம், அது நுட்பத்துக்குப் போய்விட்டது. பொறியியலில் கணிப்புக்காகப் போடும் வலையின் கண்களைச் சிறிதாக்குவது 'வலை நுணுக்கல்'. கணினியியலாளர் நிக்லாஸ் விர்த் 1971இல் விளக்கிய 'ஸ்டெப்வைஸ் ரிஃபைன்மென்ட்' என்ற நிரலாக்க முறையிலும் ஒரு பெரும்பணியைப் படிப்படியாகச் சிறு கட்டளைகளாக விரிக்கிறார்கள். அங்கேயும் 'படிப்படி நுணுக்கல்' பொருந்தும், செம்மையாக்கல் பொருந்தாது.

மனிதரைப் பற்றிய பொருளுக்குக் கலைச்சொல் தேட வேண்டாம் என்று தோழி சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். அசைவில் நளினம், வேலைப்பாட்டில் நேர்த்தி, நோகாமல் சொல்வதில் நாசூக்கு, ரசனைக்குப் 'பண்பட்ட'. நஞ்சைப் பெய்யக் கண்டும் உண்டு அமைபவரைக் குறள் 'நயத்தக்க நாகரிகம் வேண்டுபவர்' என்கிறது. கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் வருவதால் அங்கே நாகரிகம் உடையிலோ பேச்சிலோ இல்லை, பிறர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. இத்தனை சாயல்களையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது மொழிக்கு இழப்பு.

இலங்கை வழக்கில் 'நுணுக்குக்காட்டி' (நுண்ணோக்கி) இருப்பதால் மோதல் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது, அங்கே நுணுக்கு பெயராக நிற்கிறது, இங்கே வினை. உலோகவியலுக்கு 'மணி நுணுக்கல்', சேர்க்கும் பொருளுக்கு 'மணி நுணுக்கி' என்று வைக்கிறேன். 'மணி'க்குப் பதில் 'பரல்' என்பவர்கள் 'பரல் எல்லை', 'பரல் வளர்ச்சி' ஆகியவற்றையும் வாக்கியத்தில் எழுதிக் காட்டினால் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.