ஜெர்மன் படைக்கு ரயிலேற்றம் கற்றுக்கொடுத்தது அமெரிக்க சர்க்கஸா?

கூடாரக்காதலன்:
பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் 1897 டிசம்பரில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் தொடங்கி, 1902 வரை பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, பிரான்ஸ் என்று சுற்றியது. நூற்றுக்கணக்கான குதிரைகள், யானைக் கூட்டம், கூடாரம், சமையற்கட்டு எல்லாம் நான்கு ரயில்களில் போயின. ராத்திரி ஆட்டம் முடிந்ததும் பிரித்து ஏற்றுவார்கள். விடியும்போது அடுத்த ஊர், மத்தியானம் மறுபடி ஆட்டம். இதை ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் நோட்டுப் புத்தகத்தோடு நின்று குறித்துக்கொண்டார்கள். 1914ல் முதல் உலகப்போர் தொடங்கியபோது அந்தப் படை ரயிலில் எல்லைக்குப் போன வேகத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

பழைய ஏடு:
மறுக்கிறேன். முதலில், அந்த நோட்டுப் புத்தக விஷயம் பார்னம் அண்ட் பெய்லி பற்றியதே அல்ல. துப்பாக்கி சுடுவதில் பேர்பெற்ற ஆனி ஓக்லி சொன்னது அது. அவர் இருந்தது பஃபலோ பில்லின் வைல்டு வெஸ்ட் என்ற குதிரை, துப்பாக்கி வித்தைக் குழுவில். 1890, 91ல் அவர்கள் ஜெர்மனியில் ஆடியபோது, பிரஷ்ய (ஜெர்மனியின் முக்கிய ராஜ்யம்) அதிகாரிகள் நாற்பது பேராவது சுற்றி நின்று கயிறு, மூட்டை, குதிரை ஏற்றும் விதம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள் என்று பல வருஷம் கழித்து நினைவுகூர்ந்தார்.

அப்புறம், பிரஷ்யா 1866லேயே ஆஸ்திரியாவுக்கு எதிரான போருக்கு ஐந்து ரயில் பாதைகளில் படையைக் கொண்டுபோனது. 1870ல் பிரான்சோடு போர் வந்தபோது மூன்று வாரத்துக்குள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களை எல்லையில் இறக்கியது. பிரஷ்யப் படைத் தலைமை அதிகாரி மோல்ட்கேயின் பணியகத்தில் ரயிலுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. பார்னம் கம்பெனி ரயிலுக்கு மாறியதே 1872ல்தான். இதில் குரு யார், சீடர் யார்?

கூடாரக்காதலன்:
ஓக்லி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, இரண்டு கம்பெனிகளைக் குழப்பிவிட்டேன். ஆனால் நீங்கள் காட்டுவது அட்டவணைத் திறமை. நான் பேசுவது ஏற்றி இறக்கும் திறமை. அதே 1870ல் வீரர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், பின்னால் வந்த சரக்கு வண்டிகளோ எல்லைப்பக்க ஸ்டேஷன்களில் இறக்க வழியில்லாமல் தேங்கி நின்றன. படைக்குக் குறை இருந்த இடமும் சர்க்கஸ்காரர்கள் கெட்டியாக இருந்த இடமும் ஒன்றுதான்.

பார்னத்தின் கூட்டாளி டபிள்யூ. சி. கூப் 1872ல் கொண்டுவந்த முறையைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்காமல், கடைசிப் பெட்டியில் சாய்பலகை போட்டு வண்டிகளை ஏற்றி, பெட்டிகளுக்கு நடுவே இரும்புத் தகடு போட்டு, ரயிலின் முழு நீளத்துக்கும் உருட்டிக்கொண்டே போனார்கள். ஐரோப்பாவுக்கு வந்தபோது பிரிட்டிஷ் பாதைகளின் பாலம், சுரங்க அளவு சிறியது என்பதால், கம்பெனி முதலாளி பெய்லி இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்திலேயே புதுப் பெட்டிகள் கட்டவைத்தார். இவ்வளவு யோசித்த ஏற்பாட்டை அதிகாரிகள் வேடிக்கை பார்க்கவா வந்திருப்பார்கள்?

யார்டு அண்ணாச்சி:
தம்பிகளா, முப்பது வருஷம் கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தவன். ஒரு முனையிலிருந்து உருட்டி ஏற்றுவது சாதாரண விஷயம் இல்லை. கொங்கன் ரயில்வேயில் 1999லிருந்து லாரிகளை அப்படித்தான் ஏற்றுகிறார்கள், ஆனால் லாரிக்கு என்ஜினும் டிரைவரும் உண்டு. சர்க்கஸ் வண்டிக்கு அது கிடையாது. குதிரைகள் கயிற்றால் இழுக்கும், முன்னால் ஒரு ஆள் வண்டியின் ஏர்க்காலைப் பிடித்துத் திசை திருப்புவான். மழை ராத்திரியில், வழுக்கும் பலகையில், டன் கணக்கான வண்டி அவன் மேல் வரும். சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் ஏர்க்கால் சடாரென்று திரும்பி ஆளை அடித்துப்போடும்.

இன்னொன்று. ஏற்றும்போதே இறக்கும் வரிசையை நினைக்கவேண்டும். சமையல் கூடாரமும் குதிரைகளும் முதல் ரயிலில் போகும். ஆட்களுக்குச் சோறு தயாராகாமல் பெரிய கூடாரம் எழும்பாது. எங்கள் யார்டில் இந்த வரிசை தப்பிய நாளெல்லாம் அரை நாள் வீண்.

பழைய ஏடு:
அண்ணாச்சி சொன்ன சமையல் கூடாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் படையின் சக்கர அடுப்பும் சர்க்கஸைப் பார்த்து வந்ததுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் 1904, 05 ரஷ்ய-ஜப்பான் போரில் ரஷ்யர்கள் நடந்துகொண்டே சமைத்ததைக் கண்ட பிறகுதான் ஜெர்மனி அதில் தீவிரம் காட்டி, 1908ல் ஏற்றுக்கொண்டது. பார்த்தார்கள் என்பதற்கு ஓக்லி சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். பார்த்ததைப் படையில் புகுத்தினார்கள் என்பதற்கு அதிகாரி எழுதிய குறிப்போ கையேட்டில் ஒரு வரியோ வேண்டாமா?

பெய்லிக்கு இந்தப் பயணத்தில் நேர்ந்ததையும் மறக்கவேண்டாம். ஐந்து வருஷம் அவர் ஐரோப்பாவில் இருக்க, அமெரிக்காவில் போட்டி சர்க்கஸ்காரர்களான ரிங்லிங் சகோதரர்கள் வளர்ந்துவிட்டார்கள். அவர் 1906ல் இறந்தார், அடுத்த வருஷமே கம்பெனி அவர்கள் கைக்குப் போனது. எனக்கு அதுதான் மனசில் நிற்கும் கதை.

கூடாரக்காதலன்:
கையேட்டு வரி என்னிடம் இல்லை. 'விதை' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது வருஷ ரயில் அனுபவம் உள்ள படை நாற்பது பேரை அனுப்பிக் கயிற்று முடிச்சுவரை எழுதச் சொன்னது என்றால், தங்களிடம் இல்லாத ஒன்றை அங்கே கண்டார்கள் என்பதிலிருந்து நான் நகரமாட்டேன்.

யார்டு அண்ணாச்சி:
கண்டிருப்பார்கள் தம்பி. ஆனால் ஏர்க்கால் பிடித்தவனிடம் அவர்கள் ஒரு வார்த்தை பேசினார்களா? அதை யாராவது எழுதி வைத்திருந்தால் இங்கே போடுங்கள், நான் படிக்கவேண்டும்.