புதுப்பிப்பு: 11 வருட இடைவெளியில் இன்னொரு குழந்தை
மகளுக்கு 11 வயது, எனக்கு 38, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முயன்று பார்ப்பதென்று முடிவெடுத்துவிட்டோம்.

மகப்பேறு மருத்துவர் மழுப்பாமல் பேசினார். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் குரோமோசோம் கோளாறு) வரும் வாய்ப்பு தாயின் 35 வயதில் ஏறக்குறைய 350-க்கு ஒன்று, 40-ல் 100-க்கு ஒன்று. கரு தங்கினால் 11 முதல் 14 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேன், அதாவது கருவின் பின்கழுத்தை அளந்து அந்த வாய்ப்பைக் கணிக்கும் ஸ்கேன். எனக்குப் புதிதாக இருந்தது வேறொன்று: பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு அபாயம் கிட்டத்தட்ட முதல் பிரசவத்தில் இருக்கும் அளவுக்கே ஏறிவிடுமாம். சர்க்கரை, தைராய்டு பார்த்தாயிற்று. ஃபோலிக் ஆசிட் இப்போதே ஆரம்பம்.

மகப்பேறு விடுப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: 2017 சட்டத்திருத்தத்தில் வந்தபடியே இரண்டாவது குழந்தைக்கும் 26 வாரம் உண்டு.

அப்புறம் மகள். அவளிடம் அனுமதி கேட்கவில்லை, விஷயத்தைச் சொன்னோம். "அப்ப நான்தான் பாத்துக்கணுமா?" என்றாள். நியாயமான கேள்வி. பெரிய பிள்ளை இருந்தால் ஆயா செலவு மிச்சம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவு முழிப்பது நாங்கள்தான், அவள் அறையும் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டோம். "ஒத்தப் பிள்ளையா விடாதே" என்ற மாமியாரின் வாதத்தை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எனக்கு 35 வயதைத் தாண்டியதால் ஆறு மாதத்தில் கரு தங்காவிட்டால் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஐ.வி.எஃப். வரை போவதில்லை என்பதில் இருவரும் உறுதி.