கூண்டுப் பாம்பின் உடம்பில் உள்ள சத்துகள்: புரதம் 17 சதவீதமா, 60 சதவீதமா?

செல்வி_மேலூர்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன், ஊர் மேலூர்ப் பக்கம். வகுப்பில் ஆளுக்கு ஒரு செமினார் தலைப்புக் கொடுத்தார்கள், எனக்கு வந்தது கூண்டில் வைத்து வளர்க்கும் பாம்புகளின் உடம்பில் என்னென்ன சத்து, என்னென்ன தாது இருக்கிறது என்பது. பாம்பு எதைத் தின்னும் என்று கேட்டால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், ஆனால் அந்தப் பாம்பின் உடம்பு எதனால் ஆனது என்று கேட்டால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. ஒரு அட்டவணையில் புரதம் 17 சதவீதம் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் கிட்டத்தட்ட 60. எதை நம்புவது?

அப்புறம் இன்னும் சில சந்தேகங்கள். முதலில் இதை ஏன் அளக்கிறார்கள்? காட்டுப் பாம்புக்கும் கூண்டுப் பாம்புக்கும் உடம்பில் வித்தியாசம் இருக்குமா? சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வருகிறது? எங்கள் அப்பத்தா செவ்வாய், வெள்ளி தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றும், அதனால்தான் பாம்புக்கு எலும்பு உறுதி என்றும் சொல்லும். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை_லேப்

தங்கச்சி, நான் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கோழித் தீவனமும் கருவாட்டுத் தூளும்தான் தினமும் வரும், ஆனால் முழு விலங்கின் உடம்பை அளப்பதும் அதே முறைதான், எலியாக இருந்தாலும் பாம்பாக இருந்தாலும்.

நீங்கள் பார்த்த ரெண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். ஒன்று பச்சை எடையில் போட்டது, மற்றது உலர்பொருளில் போட்டது. கணக்குக்காக 1000 கிராம் பாம்பு ஒன்று என்று வைத்துக்கொள்வோம், அதில் தண்ணீர் மட்டும் 720 கிராம். மிச்சம் 280. அதில் புரதம் 170 கிராம் என்றால், மொத்த எடைக்கு 17 சதவீதம், உலர்பொருளுக்கு 60.7 சதவீதம். அதனால் எந்த அட்டவணையை எடுத்தாலும் தலைப்பில் எந்த அடிப்படை என்று முதலில் பாருங்கள். அது எழுதாத அட்டவணையைத் தொடவே தொடாதீர்கள், என்னைக் கேட்டால் அது அட்டவணையே இல்லை.

செய்முறை இப்படி: இறந்த உடம்பை உறைய வைத்து, எலும்போடு தோலோடு முழுசாக அரைத்து, உலர்த்தி எடை போட வேண்டும். பிறகு ஒரு பங்கை 550 டிகிரி அளவில் மஃபிள் ஃபர்னஸ் என்ற மின் உலையில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல், அதுதான் தாதுக்களின் மொத்தம். கொழுப்பை ஈதர் வைத்து சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் பிரிப்போம். புரதத்தை யாரும் நேராக அளப்பதில்லை, கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குவோம். பாம்பு விஷயத்தில் ஏமாற்றுவது இந்த இடம்தான். பாம்பு கழிவு நைட்ரஜனைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாகத்தான் வெளியே தள்ளும், எச்சத்தோடு வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வருவது அதுதான். யூரிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன். அது உடம்புக்குள் தங்கியிருந்தால் அதையும் சேர்த்துப் புரதம் என்று காட்டிவிடும். செதிலில் இருக்கும் கெரட்டின் என்ற கெட்டிப் பொருளும் புரதக் கணக்கில்தான் வரும், ஆனால் அதைச் செரிப்பது சுலபம் இல்லை. ஆக அட்டவணையில் க்ரூடு புரோட்டீன் என்று இருக்கும், நைட்ரஜனை வைத்துக் கணக்கிட்ட இந்தப் புரதம் முழுவதையும் தின்கிற விலங்குக்குக் கிடைக்கும் புரதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, குடலில் இருக்கிற இரையும் மலமும். விரியன் வகைப் பாம்புகளில் சில மாதக்கணக்கில் மலத்தை வெளியே விடாமல் வைத்திருக்கும். நேற்று எலி விழுங்கிய பாம்பை அப்படியே அரைத்தால் நீங்கள் அளப்பது பாதி எலி. குடலைச் சுத்தம் செய்துவிட்டு அரைப்பதுதான் முறை.

மேலூர்ப்_பறவை

செல்வி, நானும் மேலூர்தான், இப்போது இங்கிலாந்தில் ஊர்வன வளர்க்கும் இடத்தில் இருக்கிறேன். லேப் அண்ணன் சொன்னதில் கடைசி விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. பாம்பின் உடம்பை அறிய வேண்டும் என்றால் குடலை எடுத்துவிடலாம், சரி. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு ஒரு முக்கியமான பதில் ராஜநாகம். அது பாம்பையே தின்னும் பாம்பு. காட்டில் சாரையை விழுங்கும்போது குடலை எடுத்துவிட்டா விழுங்குகிறது? சாரையின் வயிற்றில் இருக்கும் எலியும் தவளையும் சேர்ந்துதான் உள்ளே போகிறது. பூங்காவில் ராஜநாகத்துக்கு எலியைப் பழக்கப் பார்ப்பார்கள், எலியின்மேல் பாம்பு வாசனையைத் தடவி ஏமாற்றுவதும் உண்டு. அப்படி மாற்றும்போது பழைய இரையில் என்ன இருந்தது, புதியதில் எது குறைகிறது என்று ஒப்பிட வேண்டாமா? அதற்கு முழுப் பாம்பின் அளவு வேண்டும், குடலோடு.

சரி, கூண்டுப் பாம்பு, காட்டுப் பாம்பு வித்தியாசத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் பெரிய வித்தியாசம் கொழுப்புதான். பாம்பின் வயிற்றறையில் நீளவாக்கில் கொழுப்புப் பொதிகள் இருக்கும், முட்டை உருவாகும் காலத்தில் பெண் பாம்பு அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கும். இங்கே வீடுகளில் வளர்க்கும் கார்ன் ஸ்னேக், ராயல் பைத்தான் எல்லாம் ஓடாமல் ஆடாமல் வாராவாரம் கொழுத்த எலி தின்று கிடப்பவை. பரிசோதனைக்கு வரும் இறந்த பாம்புகளைத் திறந்தால் மஞ்சள் கொழுப்புத்தான் முதலில் தெரியும், கல்லீரலிலும் கொழுப்பு ஏறியிருக்கும்.

இது எண்களை எப்படிக் குழப்பும் என்று பாருங்கள். லேப் அண்ணனின் அதே கணக்குப் பாம்பை எடுங்கள்: உலர்பொருள் 280, புரதம் 170, சாம்பல் 45 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இன்னும் 120 கிராம் கொழுப்பு மட்டும் கூடட்டும். தசை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, எலும்பு ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் உலர்பொருள் 400 ஆகிவிட்டதால் புரதம் 60.7-லிருந்து 42.5 சதவீதத்துக்கும், சாம்பல் 16-லிருந்து 11-க்கும் இறங்கிவிடும். அட்டவணையை மட்டும் பார்ப்பவர் கூண்டுப் பாம்புக்குப் புரதக் குறைவு, தாதுக் குறைவு என்று எழுதிவிடுவார். அதனால் கொழுப்பைக் கழித்துவிட்டு மிச்ச உலர்பொருளுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். அப்போதுதான் காடும் கூண்டும் ஒரே தராசுக்கு வரும். உங்கள் செமினாரில் இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டாலே போதும்.

பட்டினியையும் விட்டுவிடாதீர்கள். 2007-ல் மார்ஷல் மெக்யூ என்ற அமெரிக்க ஆய்வாளர் மூன்று இனப் பாம்புகளைச் சுமார் ஆறு மாதம் இரை கொடுக்காமல் வைத்து ஆராய்ந்தார். சில பாம்புகள் ஓய்வுநிலை வளர்சிதை வேகத்தை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. உடம்பின் கொழுப்பைச் செலவழித்தபடியே நீளத்திலும் வளர்ந்தன. அதிலும் அமெரிக்கச் சாரை இனம் மற்ற இரண்டையும் விடச் சீக்கிரமே தன் புரதத்தைக் கரைக்கத் தொடங்கியது. ஆகவே மாதிரி எடுத்த பாம்பு கடைசியாக எப்போது தின்றது, ஆணா பெண்ணா, குட்டியா பெரியதா, இதெல்லாம் தெரியாமல் கொடுக்கும் எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை.

செல்வி_மேலூர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே, அந்த 120 கிராம் கணக்கை அப்படியே போடப் போகிறேன். சுண்ணாம்புச் சத்து பற்றியும் சொல்லுங்கள். பால் விஷயம் அப்பத்தாவிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு யோசனை. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் விட்டு நடவு தொடங்கினால் எங்கள் பக்கம் சாரை அதிகம் நடமாடும், நான்குவழிச் சாலையில் அடிபட்டும் கிடக்கும். அதை எடுத்து வந்து கல்லூரி ஆய்வகத்தில் சாம்பல் மட்டுமாவது பார்க்கலாமா?

வாடிப்பட்டி_மீட்பு

வேண்டாம்மா, தொடாதே. வீடுகளுக்குள் வரும் பாம்பைப் பிடித்து வனத்துறையில் ஒப்படைக்கும் வேலை செய்கிறேன், இந்தச் சட்டம் எங்களுக்குத் தினசரிப் பாடம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் செத்துக் கிடக்கும் விலங்கும் அரசுச் சொத்து, 39-வது பிரிவைப் பார். கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரியிடமோ சொல்ல வேண்டும், ஆய்வுக்கு என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். படிப்புக்காகத்தானே என்று எடுத்து வைத்துக்கொண்டால் கல்லூரிக்கும் உனக்கும் சேர்த்துத் தொல்லை. உங்கள் துறைத் தலைவர் மூலமாக வனத்துறைக்கு எழுதச் சொல், அதுதான் வழி. அதுவும் தவிர, அடிபட்டு வெயிலில் கிடந்த உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும், எறும்பு பாதியைத் தின்றிருக்கும், அதில் எடுக்கிற அளவை யார் ஏற்பார்கள்? விரியனோ கட்டுவிரியனோ என்றால் செத்த தலைகூட ஆபத்து, வெட்டிய தலை கடித்த சம்பவங்கள் உண்டு.

பால் பற்றி: பாம்புக்குப் பால் உணவே இல்லை. நாகபஞ்சமிக்கு வடக்கே குடிப்பது போலக் காட்டுவதெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் கொடுக்காமல் தாகத்தில் வைத்திருந்த பாம்பு. அப்பத்தாவின் பக்தியை யாரும் குறை சொல்ல வேண்டாம், ஆனால் புற்றுக்குள் பால் புளித்து எறும்பு மொய்த்தால் உள்ளே இருப்பதற்குத்தான் கஷ்டம். பாலைப் புற்றின் வாசலில் ஒரு சிரட்டையில் வைக்கச் சொல்.

ஒத்தக்கடை_லேப்

சுண்ணாம்புச் சத்துக் கேள்விக்கு நான் வருகிறேன். பாம்புக்கு அது பெரும்பாலும் இரையின் எலும்பிலிருந்துதான். மெல்லாமல் முழுசாக விழுங்குவதால் எலும்பு ஒன்றும் வீணாகாது. 2025-ல் பிரான்சின் மோன்பெலியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லினோ குழு பர்மியப் பைத்தானின் குடலில் இதுவரை தெரியாத ஒரு வகைச் செல்லைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எலும்பு கரைந்து வரும் அளவுக்கு மிஞ்சிய கால்சியமும் பாஸ்பரஸும் அந்தச் செல்லின் குழிக்குள் துகள்களாகத் திரள்கின்றன, இரும்பும் சேர்ந்தே இருக்கிறது. எலும்பு நீக்கிய எலியைக் கொடுத்தபோது அந்தத் துகள்கள் இல்லை, அதே உணவோடு கால்சியம் சேர்த்துக் கொடுத்தபோது மறுபடியும் வந்தன. உடம்புக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுகிற ஏற்பாடு அது. நான் படித்ததில் மிகவும் பிடித்த ஆய்வு, செமினாரில் கட்டாயம் சேர்.

இதிலிருந்தே கூண்டுப் பாம்புக்கு ஒரு பாடம் கிடைக்கும். கண் திறக்காத எலிக்குஞ்சில் எலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை, வளர்ந்த எலியோடு ஒப்பிட்டால் கால்சியம் குறைவு. கோழி இறைச்சித் துண்டு மட்டும் கொடுத்தால் இன்னும் மோசம், தசையில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் கிட்டத்தட்ட இல்லை.

அட்டவணையைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன், இது எங்கள் கூடத்தில் கருவாட்டுத் தூளுக்கும் செய்வதுதான். எலும்புத் தாதுவில் கால்சியம் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, பாஸ்பரஸ் 18.5 சதவீதம், ரெண்டுக்கும் விகிதம் 2.15. தசையிலும் பாஸ்பரஸ் இருப்பதால் முழு உடம்பில் விகிதம் அதைவிடக் குறைவாகத்தான் வரவேண்டும். பாம்பு முட்டையின் தோல் கோழி முட்டை ஓடு மாதிரி இல்லை, அதனால் சினைப் பாம்பாக இருந்தாலும் விகிதம் ஒரேயடியாக ஏறாது. 2.15-ஐத் தாண்டினால் வெளியிலிருந்து சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படலாம். கூண்டில் மணல் பரப்பியிருந்தால் இரையோடு மணலும் உள்ளே போகும், சாம்பல் ஏறிவிடும். அதற்கு அமிலத்தில் கரையாத சாம்பலைத் தனியாகப் பார்த்துக் கழித்துவிட வேண்டும்.

மேலூர்ப்_பறவை

ஒரே ஒரு சேர்க்கை. எல்லாரும் கால்சியத்தையே பேசுகிறோம், உயிர்ச்சத்துகள் சாம்பலில் தெரியாது. உறைய வைத்த எலி நாளாக ஆக அதில் உயிர்ச்சத்து ஈ குறையும். மீன் தின்னும் தண்ணீர்ப் பாம்பு வகைகளுக்குச் சிலவகை மீன்களை மட்டுமே கொடுத்து வந்தால், அந்த மீனில் இருக்கும் தயாமினேஸ் என்ற நொதி பி1 சத்தை அழித்துவிடும், பாம்புக்கு வலிப்பு வரும், தலை நிலைகொள்ளாது. பி1 கொடுத்து இரையை மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். எனவே செல்வி, அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு பத்தி இதற்கும் ஒதுக்குங்கள்.

செல்வி_மேலூர்

சரி அண்ணே. தலைப்புகளை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: இனம், பாலினம், எடை, கடைசியாக இரை எடுத்த நாள், குடல் சேர்த்தா நீக்கியா, பச்சை எடையா உலர்பொருளா, கொழுப்பு நீக்கிய கணக்கு, கால்சியம் பாஸ்பரஸ் விகிதம். இவற்றில் எதை எந்தக் கட்டுரை சொல்லவில்லையோ அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடப் போகிறேன். வனத்துறைக்குக் கடிதம் எழுதுவது பற்றித் துறைத் தலைவரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன். வாடிப்பட்டி அண்ணே, அனுமதிக் கடிதம் யார் பெயருக்கு எழுத வேண்டும், மதுரை அலுவலகத்துக்கா சென்னைக்கா?

வாடிப்பட்டி_மீட்பு

தலைமை வன உயிரினக் காப்பாளர் பெயருக்கு, சென்னை. ஒரு நகலை மாவட்ட வன அலுவலருக்கும் கொடு. என்ன இனம், எத்தனை, எங்கிருந்து, அளந்த பிறகு மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று நாலையும் தெளிவாக எழுதச் சொல்.