பெரிய நாய் சாதுவாக இருந்தால் போதுமா?

கேள்வி:
எங்கள் கோல்டன் ரெட்ரீவர் மணிக்குப் பதினான்கு மாதம், 31 கிலோ. அக்கா சிறப்புக் குழந்தைகள் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளைப் பார்க்க அவனைக் கூட்டி வரச் சொல்கிறார். பட்டாசு வெடித்தாலும் படுத்தே கிடப்பான். ஆனால் ஆள் வந்தால் மேலே காலைத் தூக்கிப் போடுகிறான். வயதானால் சரியாகிவிடுமா?

பதில் 1:
ஆறு வருடமாக என் லாப்ரடாருடன் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் வருகிறேன். பெரிய இனங்களுக்கு உடம்பு முந்தும், புத்தி பிந்தும். நிதானம் வர இரண்டு, மூன்று வயதாகும். ஆனால் காலைத் தூக்கிப் போடுவது தானாகப் போகாது. உட்கார்ந்தால்தான் தடவல் என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருங்கள். தாத்தா ஒருவர் கொஞ்சிவிட்டாலும் போச்சு.

பெரிய நாயின் அருமையை நான் கண்ணால் பார்த்தது ஒரு பாட்டியிடம். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இவன் போய்க் கட்டில் ஓரத்தில் தாடையை வைத்து நின்றான். தலையும் மெத்தையும் ஒரே உயரம். பாட்டி இடது கையால் வலது கையை எடுத்து அவன் காதின் மேல் வைத்துக்கொண்டார். வெகுநேரம் இருவரும் அசையவில்லை.

அசையாமல் இருப்பதெல்லாம் அமைதி இல்லை, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஒருமுறை ஐந்தாறு பேர் சூழ்ந்து தடவியபோது சிலை மாதிரி நின்றான். எவ்வளவு பொறுமை என்று பூரித்தேன். வாயை இறுக மூடி, வெள்ளைவிழி தெரிய என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். பயந்து உறைந்திருக்கிறான், பாவம். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது எல்லாமே ‘போதும்’ என்று சொல்வதுதான். உடனே வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிடலாம், தப்பில்லை. எவ்வளவு சீக்கிரம் தெளிகிறான் என்பதுதான் கணக்கு.

பதில் 2:
எலெய்ன் ஸ்மித் என்ற நர்ஸ் 1976-ல் அமெரிக்காவில் தொடங்கிய தெரபி டாக்ஸ் இன்டர்நேஷனல் (நோயாளிகள், முதியோருக்கு ஆறுதலாக நாய்களைக் கூட்டிப் போகும்) அமைப்பில், ஒரு வயது நிரம்பாத நாயைச் சேர்க்கமாட்டார்கள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்றும் சோதிப்பார்கள். அதையும் முதலில் பழக்குங்கள். நகத்தை வெட்டி, ரேபிஸ் ஊசியும் போட்டிருக்க வேண்டும். வழவழ டைல்ஸ் தரையென்றால் பாய் விரியுங்கள், நாயின் இடுப்புக்கு நல்லது.

கேட்டவர்:
நேற்று தட்டைப் போட்டேன். துள்ளி எழுந்தான், என்னைப் பார்த்தான், தட்டை மோந்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். அக்காவிடம் இரண்டு வயது முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். தாத்தாவிடம்தான் இன்னும் பேச வேண்டும்.