பேக்கேமன்: 2 வைக்க விடாமல் ஆப் அடம் பிடிக்கிறது, ஏன்?

கேள்வி: பேக்கேமன் என்ற பகடைப் பலகை விளையாட்டை ஒரு வாரமாக ஆப்பில் பழகுகிறேன். 24 முக்கோணம், ஆளுக்கு 15 காய், ரெண்டு பகடை, இரட்டை விழுந்தால் நாலு தடவை நகர்த்தலாம், இதெல்லாம் சரி. நேற்று 6-2 விழுந்தது. எதை முதலில் வைத்தாலும் மற்றது அடைபட்டுப் போகிற நிலைமை. 2 வைத்தால் என் காய் பத்திரமாக இருந்திருக்கும், ஆப் ஏற்கவே இல்லை. பிழையா?

பதில் 1: பிழை இல்லை. முடிந்தால் ரெண்டு எண்ணையும் ஆடியே ஆக வேண்டும். ஏதாவது ஒன்றுதான் முடியும் என்றால் பெரியதைத்தான் வைக்கணும், உங்கள் காய் தனியாக மாட்டிக்கொண்டாலும் சரி.

பதில் 2: அடுத்து வெட்டுப்பட்ட காயில் குழம்புவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அது நடுப்பட்டையில் உட்கார்ந்திருக்கும் வரை வேறு காயைத் தொடக் கூடாது. 5-3 விழுந்தால் எதிராளி வீட்டின் (அவர் தன் காய்களைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆறு முக்கோணம்) 5-ம் முக்கோணத்திலோ 3-ம் முக்கோணத்திலோ இறக்கணும், ரெண்டிலும் அவருக்கு இரண்டு காயோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் முறை போச்சு. (நான் இப்படி நாலு முறை வரிசையாக வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.)

பதில் 3: துருக்கியில் இதையே தவ்லா என்பார்கள். அங்கே 6-5 விழுந்தால் பாரசீகம் கலந்து ‘ஷெஷ் பெஷ்’ என்று சத்தமாகச் சொல்வார்கள். பந்தயத்தை இரட்டிப்பாக்கும் கனசதுரம் அங்கே வழக்கமில்லை, நீங்களும் இப்போதைக்கு அதை ஓரம் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: அப்போ ஆப் மேல் தப்பில்லை. ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியிருந்தேன், போய் அழிக்கிறேன்.