வீட்டு நாயின் கருணைக்கொலை: எந்த ஊசி போடலாம், சட்டம் என்ன சொல்கிறது?

நாகலூர் செல்வி
எங்கள் ராஜபாளையம் நாய் மணிக்கு முன்னங்காலில் எலும்புப் புற்றுநோய். சேலத்தில் எக்ஸ்ரே எடுத்ததில் நுரையீரலுக்கும் பரவிவிட்டது தெரிந்தது. இப்போது வலி மாத்திரையும் கேட்பதில்லை. ராத்திரி முழுக்க முனகுகிறான். கறிச்சோற்றை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். போதும், அனுப்பிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டோம். ஆனால் எஸ்டேட்டில் ஒருவர், "டாக்டரை மலையேத்தி எதுக்குச் செலவு? மெக்னீசியம் ஊசி ஒண்ணு போதும், நம்ம பையன் போட்டுடுவான்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டப்படி இது சரியா? வலி இல்லாமல் போவானா?

கால்நடை மருத்துவர், அஸ்தம்பட்டி
அம்மா, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். மயக்கம் தராமல் மெக்னீசியம் சல்பேட்டை நரம்பில் ஏற்றினால் தசைகள் செயலிழந்து மூச்சு நிற்கும். நினைவு தப்பாமலே மூச்சுத் திணறும், அசையத்தான் முடியாது. பார்ப்பவருக்கு அமைதியாகப் போனதுபோல் தெரியும். பொட்டாசியம் குளோரைடையும் ஆழ்ந்த மயக்கத்துக்குப் பிறகுதான் தொடலாம்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, 11ஆவது பிரிவு, இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சை ஊசியாகப் போட்டோ தேவையற்ற கொடூரமான வேறு முறையிலோ விலங்கைக் கொல்வதைக் குற்றமாக்குகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் தீராத நோயுள்ள தெருநாய்களுக்குச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்: தகுதியுள்ள கால்நடை மருத்துவர் சோடியம் பென்டோபார்பிட்டால் என்ற மயக்கமருந்தை நரம்பில் செலுத்த வேண்டும் அல்லது அனுமதிக்கப்பட்ட வேறு கருணையான முறையில் செய்ய வேண்டும், இன்னொரு நாயின் கண்முன் செய்யக் கூடாது, உயிர் போனதை உறுதி செய்த பிறகே உடலை அகற்ற வேண்டும். தெருநாய்க்கே இவ்வளவு என்றால் மணிக்குக் குறைத்துக்கொள்ள நியாயமே இல்லை.

பென்டோபார்பிட்டால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் எல்லா கிளினிக்கிலும் இருக்காது. பல மருத்துவர்கள் முதலில் சைலசினும் கெட்டமினும் கொடுத்துத் தூங்கவைத்து, அப்புறம் தயோபென்டோன் என்ற மயக்கமருந்தை அதிக அளவில் ஏற்றுவார்கள். "முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாபேட்டை குமார்
எவ்வளவு வலி என்றாலும் உயிரை எடுக்க நமக்கு உரிமை இல்லை. தானாகப் போகட்டும்.

கால்நடை மருத்துவர், அஸ்தம்பட்டி
உங்கள் மனசு புரிகிறது சார். ஆனால் அதே சட்டத்தின் 13ஆவது பிரிவைப் படியுங்கள். வதைபட்ட விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று பட்டால், அதன் உயிரை முடிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது.

சூரமங்கலம் ராதா
செல்வி அக்கா, எங்கள் பப்பிக்கு வீட்டிலேயே செய்தோம். முன்னங்காலில் முடியை மழித்து ஊசிக்குழாய் வைத்தார்கள். தூங்கிய பிறகும் கண் மூடாது. உயிர் போன பிறகு ஒன்றிரண்டு முறை மூச்சு இழுத்தாற்போல் வரும், சிறுநீரும் போகலாம். எங்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்லாததால் என் மகள் பயந்துவிட்டாள். டாக்டர் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டுத்தான் முடிந்தது என்றார். குழியை ஆழமாகத் தோண்டுங்கள். மருந்து உடலிலேயே இருக்கும், நரியோ வேறு நாயோ தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.

நாகலூர் செல்வி
டாக்டர், ராதா, ரொம்ப நன்றி. மயக்கம் கொடுத்துத்தான் செய்வேன் என்று சொன்ன ஒரு மருத்துவர் சனிக்கிழமை மேலே வருகிறார். குட்டி நாயை அன்று அத்தை வீட்டில் விட்டுவிடுகிறோம். எழுத்தில் ஏதாவது வாங்கி வைக்க வேண்டுமா?

கால்நடை மருத்துவர், அஸ்தம்பட்டி
கட்டாயம். நாய் உங்களுடையது, நீங்களே சம்மதிக்கிறீர்கள் என்று கையெழுத்திட்டுக் கொடுங்கள். நோயின் பெயர், கொடுத்த மருந்து, நேரம் எல்லாவற்றையும் அவரையும் எழுதச் சொல்லி, அவருடைய பதிவெண்ணோடு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள்.